விஷத்தையா படிக்கப் போகிறாய்?

கேள்வி: பள்ளி இறுதித் தேர்வு எழுதப் போகிறேன். வேதியியலும் உயிரியலும் பிடிக்கும், கணக்கு சுமார்தான். மருத்துவத்துக்கு விண்ணப்பிக்கிறேன், இடம் கிடைக்கும் என்ற நம்பிக்கை பாதிதான் இருக்கிறது. மருந்தியலும் நச்சியலும் சேர்ந்த ஓர் இளநிலைப் பட்டப்படிப்பு இருப்பதைப் பார்த்தேன். சித்தப்பா, "படித்துவிட்டு மருந்துக்கடை வைக்கப் போகிறாயா?" என்கிறார். அம்மா, "விஷத்தையா படிக்கப் போகிறாய்?" என்று பயப்படுகிறார். இந்தப் படிப்பில் உண்மையில் என்ன இருக்கிறது? விலங்குகளை அறுக்க வேண்டியிருக்குமா? வேலை கிடைக்குமா? மருத்துவம் கிடைக்காவிட்டால் இதை எடுக்கலாமா?

பதில்:

தம்பி,

சித்தப்பாவின் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். மருந்துக்கடை வைக்க முடியாது. அவருக்கு ஏமாற்றமாக இருக்கலாம், ஆனால் சேர்ந்த பிறகு நீங்கள் ஏமாறுவதற்கு அது பரவாயில்லை. மருந்தாளுநர் ஆவதற்கான படிப்பு வேறு. அது தொழிற்கல்வி, முடித்ததும் பதிவும் உரிமமும் உண்டு. மருந்தியலும் நச்சியலும் அறிவியல் பட்டம். அதை வைத்துக்கொண்டு மருந்துச் சீட்டு எழுதவும் முடியாது, சீட்டைப் பார்த்து மருந்து கொடுக்கவும் முடியாது. இரண்டு படிப்பின் பெயரும் காதில் ஒரே மாதிரி விழுகிறது. அதனால் கடைசி ஆண்டில் வந்து "அப்போ எனக்கு லைசென்ஸ் கிடையாதா?" என்று கேட்ட மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வது எனக்குக் கஷ்டமாக இருந்தது.

சரி, அப்படியானால் என்னதான் படிக்கிறோம்? ஒரு மூலக்கூறு உடம்புக்குள் எங்கே போய் ஒட்டுகிறது, ஒட்டியதும் என்ன நடக்கிறது, உடம்பு அதை எப்படி உடைத்து வெளியே தள்ளுகிறது, எவ்வளவு கொடுத்தால் வேலை செய்யும், எவ்வளவு தாண்டினால் கெடுக்கும். மூன்று நான்கு ஆண்டும் இதே கேள்விகள்தான், உறுப்பும் மருந்தும் மட்டும் மாறிக்கொண்டிருக்கும். அந்தக் கடைசிக் கேள்வியில்தான் அம்மாவுக்கான பதில் இருக்கிறது.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று அம்மாவே உங்களிடம் பல தடவை சொல்லியிருப்பார். 1538-ல் பாராசெல்சஸ் என்ற ஐரோப்பிய மருத்துவர் எழுதியதும் ஏறக்குறைய அதுதான்: எல்லாப் பொருளிலும் நஞ்சு உண்டு, அது நஞ்சாகுமா ஆகாதா என்பதை அளவு தீர்மானிக்கிறது. பழமொழி அந்த இடத்தில் நின்றுவிடும். நச்சியல் அங்கேயிருந்து தொடங்கும். எவ்வளவு மிஞ்சினால்? யாருக்கு? எத்தனை மணி நேரத்தில்? எந்த உறுப்பில்? ஏன் அந்த உறுப்பில்?

பாராசிட்டமாலையே எடுத்துக்கொள்ளுங்கள். காய்ச்சலுக்கு நாம் யோசிக்காமல் விழுங்கும் மாத்திரை. உள்ளே போனதில் பெரும்பகுதியைக் கல்லீரல் சர்க்கரை, கந்தகச் சேர்மங்களோடு பிணைத்துச் சிறுநீரில் அனுப்பிவிடுகிறது. ஒரு சின்னப் பகுதி மட்டும் வேறு வழியில் போய், ஒரு நொதியின் கையில் சிக்கி, செல்லின் புரதங்களைக் கடிக்கக்கூடிய பொருளாக மாறுகிறது. வழக்கமான அளவில் அதனால் ஆபத்தில்லை, ஏனென்றால் கல்லீரலில் இருக்கும் குளுட்டாதயோன் அதை உடனே பிடித்து அடக்கிவிடும். அளவு மீறும்போது முதல் வழி நிரம்பி வழிகிறது, இரண்டாவது வழியில் கூட்டம் சேர்கிறது, குளுட்டாதயோன் இருப்புத் தீர்ந்துபோகிறது. அதன் பிறகுதான் செல்கள் சாகத் தொடங்குகின்றன. ஆக, மருந்து நேரடியாகக் கெடுக்கவில்லை. மருந்தை அப்புறப்படுத்தப் போன கல்லீரல்தான் அதை நஞ்சாக்கியது.

இன்னும் கேளுங்கள். இப்படி அளவு மீறியவர் முதல் நாள் பெரும்பாலும் நன்றாகவே தெரிவார், லேசான குமட்டலோடு. கல்லீரல் சேதம் வெளியே தெரிவதற்குள் ஒரு நாள், இரண்டு நாள் ஓடிவிடும். அதனால்தான் "ஆள் நன்றாகத்தானே இருக்கிறார்" என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொல்கிறோம். மாற்று மருந்தான அசிட்டைல்சிஸ்டீனை முதல் 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால் அருமையாக வேலை செய்யும். அது செய்வது என்ன தெரியுமா? தீர்ந்துபோன குளுட்டாதயோனை மறுபடி தயாரிக்க மூலப்பொருள் கொடுக்கிறது, அவ்வளவுதான். நஞ்சாகும் வழி தெரிந்ததால்தான் மாற்று மருந்தும் கிடைத்தது. மருந்தியலையும் நச்சியலையும் ஏன் ஒரே பட்டத்தில் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள் என்று யாராவது கேட்டால் நான் இந்த ஒரு மாத்திரையைத்தான் காட்டுவேன்.

எதிர்த் திசையிலும் கதை உண்டு. கெட்டுப்போன இனிப்புக் குளோவர் தீவனத்தைத் தின்ற மாடுகள் இரத்தம் நிற்காமல் செத்தன. அந்தத் தீவனத்தில் இருந்த பொருளைத் தேடிப் போன ஆய்வுதான் வார்ஃபரினில் முடிந்தது. 1948-ல் அது எலி மருந்து. 1954-ல் மனிதர்களுக்கு இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்தாக அனுமதி பெற்றது. எலிக்கும் மனிதனுக்கும் அது செய்யும் வேலை ஒன்றுதான், மாறியது அளவும் கண்காணிப்பும். அம்மாவிடம் சொல்லுங்கள்: விஷத்தைப் படிக்கப் போகவில்லை, எது எப்போது விஷமாகிறது என்பதைப் படிக்கப் போகிறேன் என்று.

இந்தப் படிப்பால் ஊருக்கு என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு நான் ஃபிரான்சஸ் கெல்சி என்ற மருந்தியலாளரைப் பற்றிச் சொல்வது வழக்கம். 1937-ல் அமெரிக்காவில் சல்ஃபானிலமைடு என்ற மருந்தை ஒரு நிறுவனம் இனிப்பான திரவத்தில் கரைத்து விற்றது. அந்தத் திரவம் டைஎத்திலீன் கிளைக்கால். விற்பதற்கு முன் அது நஞ்சா என்று யாரும் சோதிக்கவில்லை. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், அதில் நிறையக் குழந்தைகள். கொன்றது மருந்து அல்ல, அதைக் கரைத்த திரவம் என்று நிறுவிய ஆய்வில் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்றும் பங்கெடுத்தது. அங்கே அப்போது மருந்தியல் மாணவியாக இருந்தவர் கெல்சி. 1938-ல் முனைவர் பட்டம் வாங்கினார். 1960-ல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தில் வேலைக்குச் சேர்ந்ததும் மேசைக்கு வந்த முதல் கோப்புகளில் ஒன்று தாலிடோமைடு. பல நாடுகளில் ஏற்கெனவே விற்பனையில் இருந்த தூக்க மாத்திரை, சும்மா கையெழுத்துப் போட்டால் போதும் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் போடவில்லை. நரம்பு பாதிப்பு பற்றி ஒரு மருத்துவ இதழில் வந்த சின்னக் கடிதத்தைப் படித்துவிட்டு, கருவில் இருக்கும் குழந்தைக்கு இது பாதுகாப்பானது என்பதற்கு ஆதாரம் எங்கே என்று கேட்டார். நிறுவனம் நெருக்கியும் திரும்பத் திரும்பக் கேட்டார். 1961 இறுதியில், கை கால் வளர்ச்சி குன்றிப் பிறந்த குழந்தைகளுக்கு அந்த மாத்திரையே காரணம் என்று தெரியவந்து ஐரோப்பாவில் அதைத் திரும்பப் பெற்றார்கள். உலகம் முழுக்கப் பாதிக்கப்பட்ட குழந்தைகள் 10,000-க்கும் மேல்.

நான் இந்தக் கதையில் கவனிக்கச் சொல்வது அவர் துணிச்சலை அல்ல. அவர் கேட்டது மிகச் சாதாரணமான, இளநிலை மாணவர் கேட்கக்கூடிய கேள்வி. அதே தாலிடோமைடு 1998-ல் தொழுநோயின் ஒரு வலிமிகுந்த சிக்கலுக்கும், 2006-ல் ஒருவகை எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய்க்கும் கடுமையான கட்டுப்பாடுகளோடு அமெரிக்காவிலேயே அனுமதி பெற்றது என்பதையும் சேர்த்தே படிப்பீர்கள்.

அடுத்து, கணக்கு. "சுமார்தான்" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் என்னைக் கொஞ்சம் நிறுத்தியது அந்தச் சொல்தான்.

நான் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது நடந்ததைச் சொல்கிறேன். சீமை எலியின் சிறுகுடலில் ஒரு சின்னத் துண்டை, 37 டிகிரி வெப்பத்தில், உப்புக் கரைசல் நிரம்பிய கண்ணாடிக் குழாயில் நூல் கட்டித் தொங்கவிடுவோம். அடியிலிருந்து ஆக்சிஜன் குமிழியாக வந்துகொண்டே இருக்கும். நரம்பு தசைக்குச் செய்தி சொல்லப் பயன்படுத்தும் அசிட்டைல்கோலினைச் சில சொட்டு விட்டால் குடல் சுருங்கும், நூல் இழுபடும், அந்த இழுப்பு கோடாகப் பதியும். முப்பது நொடி பார்த்துவிட்டுக் கழுவ வேண்டும். குடல் பழைய நிலைக்கு வந்த பிறகு அடுத்த அளவு. சின்ன அளவில் தொடங்கி ஏறிக்கொண்டே போனால் கோடுகள் படிக்கட்டு மாதிரி உயரும், ஒரு கட்டத்துக்கு மேல் எவ்வளவு விட்டாலும் ஏறாது. அன்றைக்கு என் குடல் துண்டு முதல் சொட்டிலேயே உச்சிக்குப் போய் நின்றது. ஏதோ புதிதாகக் கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். ஆசிரியர் வந்து என் சோதனைக் குழாய் வரிசையைப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் ஒரு குழாயை எடுத்து என் கையில் கொடுத்தார். நீர்த்தல் வரிசையில் ஒரு படியைத் தவறவிட்டிருக்கிறேன். பத்து மடங்கு அடர்த்தி. "இது ஆளாக இருந்திருந்தால்?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டார். இன்றும் பூஜ்ஜியங்களை விரல் வைத்து எண்ணுகிறேன்.

அன்று மாலை சரியான கரைசலில் மறுபடி செய்து, அளவை மடக்கை அளவுகோலில் வைத்து வரைந்தபோது, படுத்து எழுந்து மறுபடி படுக்கும் அந்த வளைகோடு அழகாக வந்தது. பிறகு அசிட்டைல்கோலினின் வேலையைத் தடுக்கும் அட்ரோபினைக் கொஞ்சம் கலந்து அதே வேலையைத் திரும்பச் செய்தால், கோடு உருவம் மாறாமல் அப்படியே வலப்பக்கம் நகர்ந்தது. இரண்டு பொருளும் ஒரே ஏற்பிக்கு, அதாவது செல்லில் மருந்து போய் ஒட்டும் இடத்துக்கு, போட்டி போடுகின்றன என்று எந்த நுண்ணோக்கியும் இல்லாமல் அந்தக் கோடு சொல்லிவிட்டது. தம்பி, இந்தப் படிப்பு உங்களுக்கு ஒத்துவருமா என்பது இங்கேதான் தெரியும். ஒரு கோடு நகர்ந்ததைப் பார்த்து "ஆகா" என்று தோன்றினால் வாருங்கள். "இதற்கா நாள் முழுக்க நின்றோம்?" என்று தோன்றினால் வேறு நல்ல படிப்புகள் இருக்கின்றன.

தேவைப்படுவது பெரிய கணிதம் அல்ல. விகிதம், மடக்கை, அலகு மாற்றம், புள்ளியியல், அவ்வளவே. ஆனால் தினமும் தேவைப்படும், தப்பாமல் தேவைப்படும். டிகாக்சின் என்ற இதய மருந்தின் மாத்திரை மைக்ரோகிராம் கணக்கில் வருகிறது. அதை மில்லிகிராம் என்று படித்தால் ஆயிரம் மடங்கு. அதன் அரை ஆயுள், அதாவது உடம்பில் இருப்பது பாதியாகக் குறைய ஆகும் நேரம், ஏறக்குறைய ஒன்றரை நாள். ஒரு மருந்து உடம்பில் நிலையான அளவுக்கு வர ஐந்து அரை ஆயுள் ஆகும் என்று வைத்துக்கொண்டால், இது நிலைக்கு வர ஒரு வாரம். சிறுநீரகம் பழுதானவருக்கு இன்னும் நீளும். இந்தக் கணக்கை இப்போது இரண்டு முறை படித்துப் புரிந்துகொண்டீர்கள் என்றால் உங்கள் "சுமார்" போதும். புள்ளியியல் வகுப்பை மட்டும் தப்பித்துக்கொள்ளும் பாடமாக நினைக்காதீர்கள், பின்னால் வேலையில் சோறு போடுவது அதுதான்.

முதல் ஆண்டில் மருந்தே வராது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். உடலியங்கியல், உயிர்வேதியியல், கரிம வேதியியல், செல் உயிரியல் என்று ஓடும். "மருந்தியலில் சேர்ந்தேன், ஒரு மருந்தின் பெயர்கூடச் சொல்லித் தரவில்லை" என்று அந்த ஆண்டிலேயே விலகுபவர்கள் உண்டு. இரண்டாம் ஆண்டு ஏற்பிகள், தன்னியக்க நரம்பு மண்டலம், மருந்து உடலில் பயணிக்கும் கணக்கு. அப்புறம் மூளை, இதயம், புற்றுநோய், கல்லீரல் நச்சு, மரபணு நச்சு, சுற்றுச்சூழல் நச்சு. மருந்துப் பெயர்கள் நூற்றுக்கணக்கில் வரும்போது மனப்பாடம் செய்யாதீர்கள். ப்ரொப்ரனலால், அட்டெனலால், மெட்டோப்ரலால் என்று வால் ஒன்றாக இருப்பதைப் பாருங்கள். எல்லாம் ஒரே குடும்பம், ஒரே வகை ஏற்பிகளை மறிப்பவை. ஒன்றின் இயங்குமுறை தெரிந்தால் மற்றவற்றின் குணம் பாதி தெரிந்துவிடும்.

விலங்குகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நான் படித்தபோது செய்ததில் பலவற்றை இன்று மாணவர்கள் கணினியிலும், முன்பே பதிவான தரவுகளிலும், ஆய்வகத்தில் வளர்த்த செல்களிலும் செய்கிறார்கள். 1959-ல் ரஸ்ஸல், பர்ச் என்ற இரு அறிவியலாளர்கள் முன்வைத்த மூன்று விதிகள், அதாவது முடிந்தால் விலங்குக்குப் பதில் வேறொன்று, முடியாவிட்டால் குறைந்த எண்ணிக்கை, எதுவானாலும் குறைந்த துன்பம், இன்று இந்தத் துறையின் அடிப்படை. ஒரு வேதிப்பொருள் மரபணுவைக் கெடுக்குமா என்று முதலில் பாக்டீரியாவில்தான் பார்க்கிறார்கள், 1970-களில் புரூஸ் ஏம்ஸ் உருவாக்கிய சோதனை அது. புதிய மருந்துக்கு விலங்குச் சோதனை கட்டாயம் என்ற வாசகத்தை 2022 டிசம்பரில் அமெரிக்கா சட்டத்திலிருந்து நீக்கியது. ஆனாலும் விலங்குச் சோதனை மறைந்துவிட்டது என்று நான் சொன்னால் அது பொய். வேலைக்குப் போன பிறகு அதன் தரவுகளையாவது தொட வேண்டிவரும். உங்கள் மனம் இடம் தராவிட்டால் அதைப் படிப்பில் சேருவதற்கு முன்பே துறையில் கேட்டுவிடுங்கள். கேட்பதற்கு வெட்கப்பட ஒன்றும் இல்லை.

வேலை கிடைக்கும். நீங்கள் மனதில் வைத்திருக்கும் வேலையா என்பதுதான் கேள்வி. வெள்ளைக் கோட்டு, நுண்ணோக்கி, புது மருந்து கண்டுபிடிப்பு என்ற படம் இருந்தால், அதற்கு முதுநிலையும் முனைவர் பட்டமும் வேண்டும். இளநிலையோடு வெளியே வருபவர்களில் பலர் முதலில் உட்காருவது மேசையில்: சந்தையில் இருக்கும் மருந்துகளின் பக்கவிளைவு அறிக்கைகளைப் படித்து வகைப்படுத்தும் வேலை, மருத்துவச் சோதனைகளை ஒருங்கிணைக்கும் வேலை, அனுமதிக்கான ஆவணம் தயாரிக்கும் வேலை. சலிப்பாகத் தெரியும். நான் அதில் நான்கு ஆண்டு இருந்தேன், சலிப்பான நாட்களும் இருந்தன. ஆனால் ஒரே மாதிரியான மூன்று அறிக்கைகள் வெவ்வேறு இடங்களிலிருந்து வந்து ஒரே வாரத்தில் கண்ணில் படும்போது முதுகுத்தண்டு நிமிரும்.

மருந்தை விட்டு விலகிப் பார்த்தால் களம் பெரிது. பூச்சிக்கொல்லி, உணவுச் சேர்க்கை, அழகுசாதனம், தொழிற்சாலை வேதிப்பொருள் என்று எது சந்தைக்கு வந்தாலும் எவ்வளவு வரை பாதுகாப்பு என்று ஒருவர் கணக்குப் போட்டே ஆக வேண்டும். சுற்றுச்சூழல் பக்கமும் ஆள் தேவை. தெற்காசியாவில் பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டம் கூட்டமாக அழிந்ததற்குக் காரணம், மாடுகளுக்கு வலிக்காகக் கொடுத்த டைக்ளோஃபெனாக் என்று 2004-ல் தெரியவந்தது. செத்த மாட்டின் இறைச்சியில் மிச்சமிருந்த மருந்து கழுகின் சிறுநீரகத்தைக் கொன்றது. மாட்டுக்கு மருந்து, கழுகுக்கு நஞ்சு. தடயவியல் நச்சியல் பற்றித் தொலைக்காட்சித் தொடர்களைப் பார்த்துவிட்டுக் கேட்பவர்களுக்கு ஒரே வரி: பெரும்பாலும் மது, போதைப்பொருள், இரத்தக் குப்பிகள், ஒவ்வொரு குப்பியும் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற பதிவேடு.

கடைசியாக, மருத்துவம் கிடைக்காவிட்டால் இதை எடுக்கலாமா என்ற கேள்வி. உங்களுக்கு நோயாளியின் அருகில் இருக்க ஆசையா, அல்லது நோயாளிக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசையா? முதலாவது என்றால் செவிலியம், இயன்முறை மருத்துவம், மருந்தாளுநர் படிப்பு இவற்றையே முதலில் பாருங்கள், அவற்றில் நோயாளிகளை நேரில் பார்ப்பீர்கள். எங்கள் படிப்பில் நோயாளி வருவது எண்ணாக, வரைபடமாக. இரண்டாவது என்றால் மருத்துவம் கிடைத்தால்கூட இதை ஒருமுறை யோசித்துப் பாருங்கள் என்பேன். சில நாடுகளில் பட்டம் முடித்தவர்கள் மருத்துவத்தில் சேரத் தனி வழி உண்டுதான். அதை நம்பி மட்டும் இங்கே வராதீர்கள். மூன்று ஆண்டும் வேறொரு வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மாணவர்களுக்கு அதுவும் சரியாக வரவில்லை, இதுவும் சரியாக வரவில்லை.

இப்போது செய்ய இரண்டு வேலை. வீட்டில் இருக்கும் ஏதாவது மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளைப் பிரித்து முழுதாகப் படியுங்கள். ஏன் என்று கேட்கத் தோன்றும் ஒரு வரியை எடுத்துக்கொண்டு துருவுங்கள். உதாரணத்துக்கு, சில இரத்த அழுத்த மருந்துத் தாள்களில் கிரேப்ஃப்ரூட் சாறு குடிக்காதீர்கள் என்று இருக்கும். ஃபெலோடிபின் மருந்தும் மதுவும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று பார்க்கப் போன ஆய்வில், மதுவின் சுவை தெரியாமல் இருக்க அந்தச் சாற்றைக் கலந்தார்கள். மது சேர்க்காதவர்களுக்கும் இரத்தத்தில் மருந்து எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு ஏறியது. குடல் சுவரில் மருந்தை உடைக்கும் நொதியைச் சாறு முடக்கியிருந்தது. 1989-ல் வெளியான தற்செயல் அது. உங்கள் தாளிலும் இப்படி ஒரு வரி நிச்சயம் இருக்கும், அரை நாள் அதோடு உட்கார்ந்து பாருங்கள்.

இரண்டாவது, நீங்கள் விண்ணப்பிக்க நினைக்கும் ஒவ்வொரு துறைக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஆய்வகம், கடைசி ஆண்டு ஆய்வுத் திட்டம் உண்மையான ஆய்வா அல்லது நூலகக் கட்டுரையா, நச்சியலை நடத்துபவர் அந்த வேலையைச் செய்தவரா, ஓர் ஆண்டு நிறுவனத்தில் பயிற்சி எடுக்க வழி உண்டா, போன ஆண்டு முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள். பெயரில் மட்டும் நச்சியல் வைத்துக்கொண்டு ஒரே ஒரு பாடம் நடத்தும் துறைகளும் இருக்கின்றன, பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்கி எண்ணிப் பாருங்கள். பதில் போடாத துறையைப் பட்டியலில் கீழே தள்ளிவிடலாம்.